சதுர முள்

முதலாம் குறுக்குத் தெருவில்
ஒரு கேத்தல் வாங்கினேன்.
வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால்
வயரின் நுனியில் மூன்று சதுர முள்.
என் சுவரில்
மூன்று வட்ட ஓட்டை.

திருப்பிக் கொண்டுபோனேன்.
"இனி இதுதான் அக்கா, வர்த்தமானியில வந்திட்டுது"
என்றான் கடைப் பொடியன்,
தன் கலியாணத் திகதியைச் சொல்கிறவன் மாதிரி.
யாருக்கு வந்தது?
தண்ணீர் பில்லைத் தவிர
என் பெயர் போட்டு
எந்த அரசாங்கமும் எனக்கு எழுதினதில்லை.

புளூமெண்டால் வீதி, மூன்றாம் மாடி.
சுவரும் என்னுடையதில்லை.
சொக்கட்டை மாத்தித் தாங்கோ என்றால்
மர்சூக் ஹாஜியார்
"உடைக்கோணும், பூசோணும், பெயின்ட் அடிக்கோணும்" என்று
விரல் மடக்கி மடக்கி
கடைசி விரலில் வாடகைக்கு வந்து நிற்பார்.

ஆகவே அடப்டர்.
வட்டத்தின் மேல் சதுரம்,
சதுரத்தின் மேல் இரட்டை முள்,
உச்சியில் மிக்சி.
சம்பலுக்கு அரைத்தால் கோபுரம் ஆடும்.
ஃபோனுக்குச் சார்ஜ் போட
மேல் ஓட்டையில் பேனை மூடியைக் குத்திப் பிடிக்கவேணும்,
மற்றக் கையால் சார்ஜரை அமத்தவேணும்.
மூன்றாவது கை இருந்தால்
சிலுவை போடலாம்.

இது மட்டுமென்றால் பரவாயில்லை.
சவர்க்காரம் மாதாமாதம் மெலிகிறது,
வைத்தியர் சொல்லியும் நான் மெலியாத வேகத்தில்.
நடுவில் ஒரு பள்ளம் வைத்து
"பிடிக்க வசதி" என்று எழுதியிருக்கிறார்கள்.
பள்ளத்துக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்தேன்?
லஞ்ச் சீட் இப்போது மக்கும் சீட்.
மக்குது, மக்கேல்லை என்று நான் சொல்லவில்லை.
மட்டக்குளி பஸ் ஆமர் வீதி தாண்ட முன்னமே
பருப்புக் கறி என் ஃபைலுக்குள் மக்கத் தொடங்கிவிடுகிறது.
பை கேட்டால் அதற்கும் பில்.
பல்பு கேட்டால்
"பின்னா, திருகா?"
வெளிச்சம் தம்பி,
எனக்கு வெளிச்சம்.

போன செவ்வாய் இரவு
எதிர்வீட்டு பியசீலி கதவைத் தட்டினாள்.
கையில் அயன்பெட்டி. பழசு. வட்ட முள்.
அவள் வீட்டுக்குப் புது வயரிங் அடித்ததில்
எல்லாச் சுவரும் சதுரமாகிப் போச்சாம்.
விடிந்தால் மகனுக்கு நேர்முகப் பரீட்சை.
பாதி சிங்களம், கொஞ்சம் தமிழ்,
மீதியை அந்த வெள்ளைச் சேர்ட்டைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்.
ஆறு வருடமாகப் படியில் கண்டால்
ஒதுங்கி வழிவிட்டு ஒரு சிரிப்பு,
அவ்வளவுதான் எங்களுக்குள்.

அவள் என் மேசையில் போர்வையை விரித்துச் சேர்ட் தேய்த்தாள்.
நான் கேத்தலைத் தூக்கிக்கொண்டு
அவள் குசினிக்குப் போனேன்.
ஒரே தள்ளு.
ஆடவில்லை, பொறி பறக்கவில்லை,
பேனை மூடி தேவைப்படவில்லை.
தண்ணீர் கொதித்துத் தானாக நின்றது.
அது தானாக நிற்கும் என்பதே
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தபோது அவள்
"கெசட் எக்க…" என்று தொடங்கி
கொலர் ஒன்று தேய்த்து முடியும்வரை நிறுத்தவில்லை.
எல்லாம் விளங்கவில்லை.
திட்டு என்று மட்டும் விளங்கியது.
நானும் தமிழில் என் பங்குக்குத் திட்டினேன்.
அவள் தலையாட்டினாள்.

இதற்காக வர்த்தமானிக்கு நான்
நன்றி சொல்லுவேன் என்று ஒருத்தரும் நினைக்கவேண்டாம்.
கேத்தல் இப்போது அவள் வீட்டில்.
அயன்பெட்டி என்னிடம்.
விடிய ஐந்தரைக்கு
என் சொந்தத் தேத்தண்ணியைக் குடிக்க
தலை சீவி, நல்ல சட்டை மாற்றி,
இன்னொருத்தர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டிக் கிடக்கிறது.
நேற்று அவள் சீனி போட்டுவிட்டாள்.
எனக்குச் சீனி கூடாது.
அதை எந்த மொழியில் சொல்லுறதென்று தெரியாமல்
குடித்துவிட்டு வந்தேன்.