காம்பு

திபிலிசியில், சோலோலாகி மேட்டுத் தெருவில்,
மூன்றாம் மாடிச் சமையலறை ஒன்றில்
ஆளுக்கு எழுபது லாரி கட்டிவிட்டு
ஏப்ரன் மாட்டிக்கொண்டு நிற்கிறோம் நான்கு பேர்.
வசுமதி சேரவில்லை.
"முப்பத்தொரு வருஷமா ஃபீஸ் இல்லாம படிச்சாச்சு,
நீங்க போங்க" என்று
பால்கனியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
கையில் பச்சை நிறத்தில் ஒரு சோடா,
தர்ஹுனா என்கிற இலையில் செய்ததாம்.
இருமல் மருந்து மாதிரி இருக்கு என்றாள்.
இரண்டாவது பாட்டிலும் கேட்டாள்.

சொல்லித்தருகிற தியோனாவுக்கு
என் மகளைவிட இரண்டு வயது கம்மி.
வங்கியில் கடன் பிரிவில் இருந்தாளாம்.
"முடியாது முடியாது என்று சொல்லிச் சொல்லி
வாயே கசந்துவிட்டது"
என்றபடி மாவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றினாள்.
உப்பை எடுங்கள் என்றாள், என்னைப் பார்த்து.

அலமாரியில் ஐந்து ஜாடிகள்.
மேலே ஜார்ஜிய எழுத்து,
நம் ஞகரத்தின் தூரத்துச் சொந்தம் போலச் சுருண்டு சுருண்டு.
எழுத்து ஒரு சாக்கு.
எங்கள் வீட்டு அலமாரிக்கு முன்னால் நிறுத்தினாலும்
இப்படித்தான் நின்றிருப்பேன்.
ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
சர்க்கரை.
பால்கனியிலிருந்து, தலை திருப்பாமல்,
ஒரு குரல் தமிழில் வந்தது:
"மூடி போடாதது."

அதுதான் உப்பு.

கொத்தின கறியில் தண்ணீர் விடச் சொன்னாள் தியோனா.
கை தயங்கியது.
"வேகும்போது அதுதான் சாறாகும்.
ஓட்டை விழுந்தால் சாறு போச்சு.
சாறு போனால் அது கிங்காலி இல்லை,
ஈரக் கைக்குட்டை."

அல்மாத்தியிலிருந்து வந்த பல் டாக்டர் குல்ஜான்
பத்தொன்பது மடிப்பு வைத்து
தையல் போட்ட ஈறு போல மூடினாள்.
போலந்துச் சகோதரர்கள் லெஷெக்கும் மிரெக்கும்
ஒருவர் கையை ஒருவர் படம் பிடித்தார்கள்.
நான், மதகு, கரை, கசிவு என்று
பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம்
தண்ணீரை நிறுத்திவைக்கச் சம்பளம் வாங்கியவன்.
ஒரு கரண்டித் தண்ணீர்.
ஆறாவது மடிப்பு வரை நின்றது.
ஏழாவதில் கரை உடைந்தது.

பத்து செய்தேன்.
கொதிநீரில் ஒவ்வொன்றாக வாய் பிளந்தபோது
தியோனா பழைய வங்கிக் குரலில்
"முடியாது" என்றாள், "முடியாது" என்றாள்,
ஏழு தடவை.

மிஞ்சின மூன்றின்மேல் மிளகு தூவி
பால்கனிக்கு எடுத்துப் போனேன்.
காம்பைப் பிடித்துத் தலைகீழாக்கி,
ஓரத்தில் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்சணும்,
காம்பைத் தின்னக்கூடாது, அது வேகாத மாவு,
என்றெல்லாம் சொன்னேன்.
"தெரியுது" என்றாள்.

முற்றத்துக்கு மேலே யாரோ
கயிற்றில் ஒரு போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்,
கப்பி கிறீச்சிட்டது.
அவள் உறிஞ்சினாள்.
மோவாயில் ஒரு சொட்டு.
கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை.
நான் துண்டோடு நின்றேன்.
வீட்டில் அந்த இடத்தில் நான் நின்றதில்லை.
அங்கிருந்து பார்த்தால்
சாப்பிடுகிறவரின் வாய் மட்டும்தான் தெரிகிறது.

முருங்கைச் சக்கையை ஒதுக்குகிற மாதிரி
தட்டோரத்தில் மூன்று காம்புகளை வரிசையாக வைத்தாள்.
"மூணாவதுல உப்பு தூக்கல்."
பிறகு, போர்வையைப் பார்த்துக்கொண்டே,
"இன்னும் இருக்கா?"

உள்ளே குல்ஜான் செய்தது ஒன்பது இருந்தது,
ஒன்றுகூட ஒழுகாமல்.
வகுப்பு நேரம் முடிந்துவிட்டது,
தியோனா ஏப்ரனைக் கழற்றியிருந்தாள்.
ஒரு கை அளவு மாவு ஈரத்துணிக்குக் கீழே மிச்சம்.
உப்பு ஜாடியை மூடப் போனவன்
மூடாமல் வைத்துவிட்டு
உருட்டுக்கட்டையைத் தேடினேன்.