மூன்றாவது பள்ளி

மாற்றல் உத்தரவு பையில்.
சேர இன்னும் ஒன்பது நாள்.
உச்சிப்புளியில் இறங்கி
கடன் வாங்கிய ஸ்கூட்டியில் சுற்றினேன்,
நோட்டில் பதினோரு கேள்விகள்.

முதல் பள்ளியில் கழிப்பறைக்குப் பூட்டு.
சாவி சத்துணவு அமைப்பாளரிடம்,
அவர் பரமக்குடியில்.

அடுத்ததில் ஸ்மார்ட் போர்டு இருந்தது,
உறை பிரிக்காமல்.
கணக்கு வாத்தியார்?
"கவுன்சிலிங்ல யாராச்சும் வருவாக"
என்றார் தமிழம்மா
ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டே.

மூன்றாவதன் சுவர்வரை
கடல்மணல் ஏறிக் கிடந்தது.
கரும்பலகை மூலையில்
பதிவு 43, வருகை 29.
மிச்சம் பதினாலு?
"தண்ணி வத்துற நாளு மேடம்.
அம்மாமாரோட பாசி எடுக்கப் போயிருக்கும்.
அதுக வந்த பெறகுதான் பரீட்சை வைப்பேன்."

குழாயைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன்.
உப்பு.
குறித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை ஜெஸிந்தா
என் பேனா மூடும்வரை காத்திருந்து
அவர் கேட்டார்:
"எத்தன மாசம் இருப்பீங்க?
போன வருசம் மின்வாரியத்துப் பையன்
அரைப்பரீட்சையோட டி.சி. வாங்கிட்டான்.
அவம் பக்கத்துல உக்காந்த பய
ரெண்டு வாரம் வாயே தொறக்கல."

அதற்கு நோட்டில் கட்டம் போட்டிருக்கவில்லை.
உத்தரவில் மூன்று வருடம் என்றேன்.
உத்தரவில், என்று அவரும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் எழிலியின் அழைப்பு.
எந்த ஸ்கூலும்மா,
பெருசா, சின்னதா,
நாய் இருக்கா?

இருக்கு என்றேன்.
ஒரு செவலை.
மணி அடித்தால் எழுந்து
நிழல் பார்த்து
இடம் மாறிப் படுக்கிறது.