வாளி நாற்பத்தொன்று

கோட்டைக் கிணற்றில் தண்ணீர் இல்லை.
மூன்றரை மீற்றர் சேறு,
சேற்றுக்குள் யாரோ தின்று எறிந்த காலம்.
அனிசெற்றஸ் கீழே நின்று வாளியைக் கட்டிவிடுவான்.
மேலே நான், அரிதட்டோடு.

மண்ணை நனை, ஆட்டு, பார்.
விழுந்தது போகட்டும், நின்றதை எழுது.
நாட்கூலிக்கு வேலை அவ்வளவுதான்.

முதல் கிழமை எங்கள் காலமே வந்தது:
கச்சேரி மைப்போத்தல்,
சூறாவளி உடைத்த ஓடு,
ஒரு வெற்றுத் தோட்டா.
அதைச் சேர் தனிப் பையில் போட்டு
"இது நமக்குரிய மட்டமில்லை" என்றார்.

மறுகா ஒல்லாந்தரின் களிமண் சுங்கான்.
அதற்கும் கீழே பவளமணி ஒன்று
கண்ணியில் சிக்கியபோது
கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது:
"நம்மட ஆள் ஆரோ செபமாலைய அறுத்துப் போட்டிருக்கான்!"
மணி வந்தால் அவனுடைய ஆட்கள்,
மட்டி ஓடு வந்தால் எங்களுடைய ஆட்கள்.
அப்படியொரு பங்கீடு அவனுக்கு.

வாளி நாற்பத்தொன்றில் நாய் வந்தது.
முழுதாக இல்லை.
தாடை, தொடை, முன்னங்கால்.
சேர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.
"கத்தி பட்டிருக்கு. தின்டிருக்கிறாங்க."
சந்தோசத்தில் அவர் குரல் கம்மியது.
அரிசி வள்ளம் வராத மாரியாக இருக்கலாம்,
வெளியே கண்டிப்படை நின்றிருக்கலாம்,
வாசலைத் திறக்கப் பயந்திருக்கலாம்.
சுவருக்கு அப்பால் களப்பில் கெளிறு துள்ளியது.
அதற்கு மட்டும் இருக்கலாம் தேவையில்லை.

"பிறேமலோஜினி, அட்டைய எழுதுங்க."

பதினேழு கட்டம்.
இனம். பால். வயது: இரண்டு, இரண்டரை.
கிடந்த ஆழம். தலை இருந்த திசை.
முன்னிருந்த காயம்:
இடது முன்னங்கால் முறிந்து, பொருந்தி, ஆறியிருக்கிறது.
ஆரோ சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.
அந்தக் கைதான் மறுகா கத்தியையும் எடுத்ததா,
அதற்குக் கட்டமில்லை.

இதே கோட்டைக்குள், அந்த மாடியில்,
தம்பி தயாபரனுக்கு நான் நிரப்பிய படிவத்தில்
எட்டுக் கட்டம்.
கடைசியாகக் கண்ட இடம்: ஊறணிச் சந்தி.
உடை: நீலச் சேட்டு,
மேலிருந்து மூன்றாவது பொத்தான் மாறித் தைத்தது, வெள்ளை.
"பொத்தானெல்லாம் வேணாம், பிள்ள" என்று
கிளாக்கர் அந்த வரியை வெட்டினார்.
அடிமட்டம் வைத்து, நேராக.

போன செவ்வாய் அரிதட்டில் பொத்தான் ஒன்று நின்றது.
எலும்புப் பொத்தான். முன்னூறு வருசம் பிழை.
தெரியும்.
தெரிந்தும் சேறு போகக் கழுவினேன்,
வெயிலில் பிடித்தேன்,
நூல் ஓட்டையை எண்ணினேன்.
அனிசெற்றஸ் கீழேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த வாளியை அவன் கொஞ்சம் பிந்தித்தான் கட்டினான்.

பதினேழாவது கட்டம், குறிப்பு.
சேர் அதை எப்போதும் வெறுமையாக விடச் சொல்வார்.
இன்றைக்கு எழுதினேன்:
கால் ஆறின பிறகு இது நொண்டாமல் ஓடியிருக்கும்.
வாசித்தார். பேனையைத் திறந்தார்.
மூடிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனார்.

"மேல ஆள் இருக்கா?"
கயிறு இரண்டு தரம் ஆடியது.
"இருக்கன். இழுக்கன்."

நாற்பத்திரண்டு.
பாரமாக வருகிறது.