மூணு நாள்

கடல் அட்டையைக் கையில் எடுத்தால்
கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.
பிறகு இறுகும்.
அப்புறம் தன் குடலைத் தானே வெளியே தள்ளி
உள்ளங்கையில் வைத்துவிட்டு
வெறும் தோலாகக் கிடக்கும்.
வேதாளைப் பையன்கள் இதற்குச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்தவன்தான்.

"கக்குடா" என்றார்கள்.
வேறு வசவு எதுவும் நினைவில் இல்லை.
உப்பளத்துக்குப் பின்னால் ஓடு போட்ட கட்டிடம்.
கட்டியிருந்த கயிறு எங்கள் படகுக் கயிறு.
முடிச்சுதான் எங்கள் முடிச்சு இல்லை.

தாழங்காட்டுக்குள் அடுப்பு வைத்து
அட்டை அவிக்கிறவன் யார்?
இவ்வளவுதான் கேள்வி.
ராணுவ ரகசியம் எல்லாம் இல்லை.
மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற
ஒருத்தன் பெயர்.
ஆறே எழுத்து.

முதல் நாள் காற்றுகளை எண்ணினேன்.
வாடை, கொண்டல், சோழகம், கச்சான்.
அடிக்கு ஒரு காற்று.
நாலும் முடிந்தால் மறுபடி வாடை.
உள்ளங்காலில் விழுகிற அடி
மண்டையில்தான் முளைக்கிறது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
பக்கத்து அறையில் இன்னாசி.
விளக்கு வைக்கிற நேரம் வரை அவன் சத்தம் கேட்டது.
பிறகு இல்லை.
மயங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளைப் பற்றி
இப்போதும் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் வேறொருவர் வந்தார்.
வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி.
கயிற்றை அவிழ்த்து
மணிக்கட்டைத் தேய்த்துவிட்டார்.
டீ வந்தது.
ஏட்டை விலக்கி, ஆற்றிக் கொடுத்து
"வீட்டில் யார் யார் இருக்கீங்க?" என்றார்.

எங்களுக்கு இரண்டு கடல்.
தெற்கே ஆண்கடல், அடிக்கிற கடல்.
வடக்கே பெண்கடல், குளம் மாதிரி கிடக்கும்.
ஆண்கடலில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள்.
என் அப்பா செத்தது பெண்கடலில்.

டீ பாதி இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.
ஆறு எழுத்தையும்,
தாழங்காட்டுக்குள் போகிற வழியையும்,
அடுப்புக்கு எத்தனை கல் என்பதையும்.
கேட்காததையும் சொன்னேன்.
அடைத்த மூத்திரம் போவது போல
பேசப் பேசச் சுகமாக இருந்தது.
அந்தச் சுகத்தைத்தான்
என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.
"அவனை முதல் ராத்திரியே தூக்கியாச்சே."
"அப்ப என்னை எதுக்குய்யா..."
"நீயும் சொல்லணும்ல."
மீதி டீயைக் குடிக்கச் சொன்னார்.
குடித்தேன்.

அட்டைக்குப் புதுக் குடல் வளர்ந்துவிடுமாம்.
கடல்வாழ் ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்த்தவர் சொன்னார்.
அது வரைக்கும் எப்படிச் சாப்பிடும் என்று கேட்டேன்.
அதைப் பற்றி அவர் படிக்கவில்லை.

ஊரில் எங்களுக்கு நல்ல பெயர்.
உயிரே போனாலும் வாய் திறக்காத பயல்கள்.
தேர்த் திருவிழாவில் வடத்தின் முதல் பிடி இன்னாசிக்கு.
அவனும் நானும் ஒரே மாதிரி நொண்டுகிறோம்,
ஒரே வலையை இழுக்கிறோம்.
பாடு எவ்வளவு, டீசல் எவ்வளவு,
அதற்கு மேல் பேச்சு இல்லை.

பதினாலு மாதம் கழித்து
சீனி உதுமான் வந்தான்.
கையில் கீழக்கரைத் தொதல், வாழையிலையில் சுற்றி.
"எடுத்துக்க மச்சான். ஒன்ன ரொம்ப அடிச்சாய்ங்களோ?"
"ம்."
"எத்தன நாளு தாங்குன?"
சும்மாதான் கேட்டான்,
மழை எத்தனை நாள் பெய்தது என்பது மாதிரி.
"மூணு நாள்" என்றேன்.
உண்மைதானே.
குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மென்றுகொண்டே விரல் மடக்கினான்.
முதல் விரலோடு நிறுத்திக்கொண்டான்.
வாயும் நின்றது.
பிறகு மெதுவாகக் கரைப் பக்கம் திரும்பினான்.

அங்கே இன்னாசி
வலையிலிருந்து சிப்பிகளை உதறிக்கொண்டிருந்தான்.
எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினான்.

கயிறு இல்லை.
கம்பு இல்லை.
ஒரு டீகூட இல்லை.
உள்ளங்கையில் தொதல் மட்டும்
எண்ணெய் கசிந்துகொண்டு.