முப்பத்திரண்டு பேர்

ஞாயிறு விடிய அஞ்சே முக்காலுக்கு
வருகினம்.
மஞ்சள் ரீசேட், முதுகில் கழகத்தின்ர பேர்,
அதுக்குக் கீழை காசு குடுத்த நகைக்கடையின்ர பேர்
இன்னும் பெரிசாய்.
முன்னுக்கு விசிலோடை பஞ்சலிங்கம்.
வங்கியில் முகாமையாளராய் இருந்தவர்,
என்ர கடன் விண்ணப்பத்தை ஒருக்கால்
கண்ணாடிக்கு மேலால் பார்த்தவர்.
இப்ப, "குட்மோணிங் அம்மா" எண்டுறார்.
வெங்காயப் பாத்திக்குள்ளை குந்தியிருக்கிறவள்
என்னத்தைச் சொல்ல?
தலையை ஆட்டுவன்.

இடைக்காட்டுத் தோட்டவெளியில்
நடக்கிறதுக்கெண்டு நடந்தவை ஒருத்தருமில்லை.
மோட்டரை நிப்பாட்ட நடப்பம்,
மாடு அறுத்துக்கொண்டு ஓடினால் நடப்பம்,
செத்தவீடு சொல்ல நடப்பம்.
சும்மா ஒருத்தர் நடந்தால்
வீட்டுக்காரருக்கு அறிவிப்பம்.

தவமலர் சொல்லுவாள்:
"சீனி வருத்தம் மச்சாள்.
இருந்து சேர்த்ததை நடந்து கரைக்கினம்."
சீவரட்ணத்துக்கு வேறை கணக்கு.
காணி பார்க்கத்தான் வருகினமாம்,
இண்டைக்கு நடை, நாளைக்கு அளக்கிற கயிறு,
வாற மாசம் மதில்.
ஒரு கிழமை நாயை அவிட்டுவிட்டார்.
அது வாலை ஆட்டிக்கொண்டு
அவையளோடையே சந்நிதி வரைக்கும் போய்
பிஸ்கட் திண்டு
ஓட்டோவில் வந்து இறங்கிச்சுது.

எனக்கெண்டால் நேரத்துக்கொரு நினைப்பு.
வரம்பில் சப்பாத்துத் தடம் கண்டால் கோபம்.
கிளுவை வேலியில் தண்ணிப் போத்தலைச்
சொருகிப்போட்டுப் போனவன் கையில் கிடைச்சால் இருக்கு.
அந்தப் போத்தலில்தான் இப்ப மண்ணெண்ணெய் வைச்சிருக்கிறன்.
கொக்கைப் பார்த்து "என்ன வடிவு" எண்டு
எல்லாரும் படமெடுக்க
நானும் நிமிர்ந்து பார்த்தன்.
வடிவுதான்.
ஆனால் அது நிண்டது நேற்று நட்ட பாத்தியில்.

இந்த ஒழுங்கையால்
மூண்டு பேர் சேர்ந்து போனால்
எங்கை, ஏன், அடையாள அட்டையை எடு.
அந்த நாளையில்
புருசன் பெண்சாதியெண்டாலும்
தள்ளித் தள்ளித்தான் நடந்தம்.
இப்ப முப்பத்திரண்டு பேர்
விசிலுக்கு நடந்து விசிலுக்கு நிக்கினம்,
ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.
நல்லதெண்டுதான் நினைக்கிறன்.
விசில் மட்டும்
வயித்துக்குள்ளை எங்கையோ போய் விழுது.

எண்ணத் தொடங்கினது எப்பவெண்டு தெரியேல்லை.
போகேக்கை ஒருக்கால், வரேக்கை ஒருக்கால்.
கை தன்ர பாட்டில் களை பிடுங்க
வாய் எண்ணும்.
மாசியில் ஒரு ஞாயிறு
போனது முப்பத்திரண்டு,
வந்தது முப்பத்தொண்டு.
பஞ்சலிங்கம் திரும்பிப் பாராமல் போயிட்டார்.

எழும்பினன்.
கிணத்தடி தாண்டி, புகையிலைக் குடில் தாண்டி,
வடலியடியில் ஒரு பிள்ளை
சப்பாத்தைக் கையில் வைச்சுக்கொண்டு கல்லில் இருக்கு.
"குதி கொப்பளிச்சுப் போச்சு அன்ரி.
சொன்னால் எல்லாரும் நிக்க வேணும்.
அதுதான் சொல்லேல்லை."
விசர்ப் பெட்டை எண்டு பேசினன்.
கொஞ்சம் கூடத்தான் பேசிப்போட்டன்.
பிறகு என்ர செருப்பைக் கழட்டிக் குடுத்தன்,
இடது வார் கம்பியால் கட்டினது.
அவள் செருப்போடை, நான் வெறுங்காலோடை,
அவளின்ர சப்பாத்து என்ர கையில்,
ரோட்டு வரைக்கும் போனம்.
பேர் அபிநயாவாம். கச்சேரியில் வேலையாம்.
ஒரு நிமிசத்துக்கு எத்தினை அடி வைக்கிறாளெண்டு
கையில் கட்டினது சொல்லுமாம்.
தவமலர் வேலிக்கு மேலால் எட்டி
"நீயும் சேர்ந்திட்டியோ?" எண்டாள்.
நான் வாய் திறக்கேல்லை.

அடுத்த ஞாயிறு செருப்பு வந்துது,
புது வார் போட்டு,
மஞ்சள் ரீசேட் ஒண்டில் சுத்தி.
அளவு சரி. போட்டுப் பார்த்தனான்,
வீட்டுக்குள்ளை, கதவைச் சாத்திப்போட்டு.

பிறகு அதை வெருளிக்குப் போட்டன்.
வெங்காயத்துக்கு நடுவில்
கையிரண்டையும் விரிச்சுக்கொண்டு நிக்குது.
விடியக் கருக்கலில்
பஞ்சலிங்கம் அதுக்கும் குட்மோணிங் சொல்லிப்போட்டுப் போறார்.