பன்னிரண்டா, இருபத்துநான்கா

சிராங்கூன் நார்த் கடையில்
இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தான் சியூ ஹோக்.
ஒரே பெயர், ஒரே விலை,
துண்டு நாற்பத்தைந்து வெள்ளி.
"சேம், சேம்," என்றான்
ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.

மடியில் இரண்டு பைத் தண்ணீருடன்
புக்கிட் பாஞ்சாங் வரை பேருந்தில் வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் மீனைத் தேடினார்.
மீனில்லை என்றதும்
என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இரண்டடித் தொட்டி.
இருபத்தாறு டிகிரிக்கு மேல் போனால்
குளிரூட்டி முனகத் தொடங்கும்.
மின்கட்டணம் வரும் நாளில் தம்பி
வாயைத் திறப்பான், மூடுவான்,
கோமாளி மீனைப் போல.

முதல் வாரம் இரண்டும் ஒன்றுதான்.
காம்பு நீண்டு, நுனியில் பூ விரிந்து,
நீரோட்டம் சொன்ன பக்கமெல்லாம் தலையாட்டின.
இரண்டாம் வாரம் ஒன்று மட்டும்
கதவைச் சாத்திக்கொண்டது.
அதே தண்ணீர், அதே வெளிச்சம்,
அதே உப்பு, மூன்று முறை அளந்துவிட்டேன்.

இரவு பதினொன்றுக்குப் பம்பை நிறுத்தி
டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாய் உட்கார்ந்தேன்.
பூவுக்கு எத்தனை விரல்?
ஏழாவதில் தவறும்.
எட்டாவது ஆறாவதாகிவிடும்.
கண்ணாடியில் என் மூச்சு படிந்து
துடைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து.

தழைத்து நின்றதற்குப் பன்னிரண்டு.
முகம் திருப்பியதன் ஓரத்தில்
மிச்சமாய் விரிந்திருந்த ஒரே பூவில்
இருபத்துநான்கு.

உறவென்று நினைத்தேனே,
பங்காளிகூட இல்லை.
எலும்பைப் பார்த்துக் குலம் பிரித்தவர்கள்
இரண்டையும் வேறு வேறு வீட்டில் எழுதியிருக்கிறார்கள்.
பன்னிரண்டு போட்டதைத் தின்னும்.
இருபத்துநான்குக்குத் தினமும்
பொடி கரைத்துக் குழாயால் ஊட்ட வேண்டும்,
ஓட்டம் குறைந்த மூலையில்,
யாரும் தொடாத தூரத்தில்.

தெம்பனிஸில், ஏழாவது மாடியில்,
என்னைப் பூங்கோதை என்று மூவர் அழைக்கிறார்கள்.
பூங்கோதையை என் பெயரில் எத்தனை பேரோ.
அவள் புதுக்கோட்டை, வந்து இரண்டு வருஷம்.
நான் கண்டாங் கெர்பாவில் பிறந்தவள்.
அவள் இடக்கை, என்னைவிட நான்கு விரற்கடை உயரம்,
சர்க்கரையில்லாத் தேநீர்.
அவள் தமிழில் நான் தடுக்கி விழுவேன்,
என் தமிழில் அவள் சிரித்து விழுவாள்.
அவள் பதவி உயர்வுக்கு
எனக்குக் கேக் வெட்டினார்கள் ஒருமுறை.
நன்றி சொல்லி ஒரு துண்டு தின்றுவிட்டுத்தான்
உண்மையைச் சொன்னேன்.

கோபித்துக்கொள்ளலாம்தான்.
ஆனால் மூன்று மாதம்
ஹுவே ஷானை ஹுவே ஷியான் என்று கூப்பிட்டவள் நான்.
ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.
திருத்தவில்லை.

இப்போது பன்னிரண்டு கல்லைத் தாண்டிவிட்டது.
ஒரு முனையை வெட்டினேன்.
கடல் அழுகியதுபோல ஒரு வாடை,
விரலெல்லாம் பசை.
சிறு வட்டில் ஒட்டி, பென்சிலால் பெயரெழுதினேன்,
சியூ ஹோக் எழுதாத பெயர்.
இருபத்துநான்கு இன்னும் முறுக்கில்தான்.
ஒரு நாள் ஐந்து பூ, ஒரு நாள் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை வந்தாள்.
மூக்கு கண்ணாடியில் பட,
"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள்.
நான் பம்பை நிறுத்தினேன்.

உதடு மட்டும் அசைய எண்ணினாள்.
பதினாறு, பதினேழு.
பதினெட்டில் ஒரு நத்தை உரசிப் போக
பூ பட்டென்று சுருங்கியது.

தம்பி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டான்.
"இரு," என்று கையைக் காட்டிவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.