நல்ல மழைங் மிஸ்

பள்ளிக்கூடம் போனுக்குள் வந்த முதல் நாள்
மைக்கை மூடத் தெரியவில்லை சுவாதிகாவுக்கு.
நாலு தறியும் அப்படியே
ரெஜினா மிஸ்ஸின் காதுக்குள் போய் ஓடின.
"யார் வீட்டில் இவ்வளவு சத்தம்?
அங்கே மழையா?"

தார் மாற்றிக்கொண்டிருந்தேன்.
மகள் ஒருகணம் என்னைப் பார்த்தாள்.
"ஆமாங் மிஸ், நல்ல மழைங்."

சோமனூரில் அன்றைக்கு
வெயில் தகரத்தை உரித்துக்கொண்டிருந்தது.
குழாயில் தண்ணீர் வந்து பன்னிரண்டு நாள்.

அதற்கப்புறம்
ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்க
எங்கள் வீட்டில் மட்டும் மழை.

சிக்னல் தறிக்கூடத்து ஜன்னலில்தான் கிடைத்தது.
காலி நூல்கோனை அறுத்து
போன் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி செய்தார் அவர்.
ஒரு போன், இரண்டு பிள்ளைகள்.
காலையில் இவளுடைய ஏழாம் வகுப்பு,
பதினொன்றுக்கு மேல் மௌலியின் மூன்றாம் வகுப்பு.
நடுவில் நூல் கொடுக்கிறவர் கூப்பிட்டுவிட்டால்
பின்னங்கள் பாதியில் நிற்கும்.
"பாதிங்கறதும் பின்னந்தானுங்ம்மா" என்பாள்,
சிரிக்காமல்.

பதில் சொல்ல அவள் முறை வந்தால்
கையைத் தூக்குவாள்,
போனைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்து.
அவர் இரண்டு தறி, நான் இரண்டு தறி,
ஓடிப்போய் நிறுத்துவோம்.
அவள் சுருக்கிச் சொல்லி முடிக்கும்வரை
நாடாக்கள் பெட்டிக்குள் மூச்சை அடக்கிக் கிடக்கும்.

நானும் கணக்குப் போடுவேன்.
நாலு தறி பத்து நிமிஷம் நின்றால்
இரண்டரை மீட்டர் காடா,
கூலி எட்டு ரூபாய்ச் சில்லறை.
கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.
அதோடு சேர்க்க வேண்டும்,
'பா'வில் தொடங்கும் ஐந்து சொற்களுக்கு
மௌலி யோசிக்கிற நேரத்தையும்.
"பாவு" என்றான் முதலில்.
அவன் டீச்சருக்கு அந்தச் சொல் தெரியவில்லை.
"பாம்பு என்று சொல்லு தம்பி" என்றார்.
சொன்னான்.
அன்றைக்கெல்லாம் பாவு பீமை
முறைத்துப் பார்த்தபடி இருந்தான்.

மாதத்துக்கு முப்பது நாள் என்றுதான்
நான் படித்த ஐந்தாவதில் இருந்தது.
ரீசார்ஜ் மாதம் இருபத்தெட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.
மிச்ச இரண்டு நாளை
மளிகைக்கடைச் சிட்டையில் ஏற்றிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசியில் கூலி உயர்வு கேட்டு
ஊரே தறியை நிறுத்தியது.
நிறுத்தலாம் என்று கூட்டத்தில் கை தூக்கியவர்களில்
எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர்.
தூக்கினது தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

அடுத்த நாள் காலையில் காது அடைத்ததுபோல் இருந்தது.
எதிர்வீட்டுக் குக்கரின் விசிலை எண்ண முடிந்தது.
மின்விசிறிக்குக்கூட ஒரு குரல் இருந்திருக்கிறது.
தறிக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய மௌலி
அன்றும் கத்தினான்,
தன் குரலுக்குத் தானே பயந்து நிறுத்தினான்.
சுவாதிகா மைக்கைத் திறந்தே வைத்திருந்தாள்.
கை தூக்கவில்லை, யாரும் ஓடவில்லை.
வகுப்பு நடத்த அதைவிட நல்ல நாட்கள்
வாய்த்ததே இல்லை.

அப்படி ஒன்பது நாள்.
பத்தாம் நாள் ரீசார்ஜ் தீர்ந்தது.
சிட்டையில் ஏற்ற இடமிருந்தது,
கேட்கத்தான் வாய் வரவில்லை.

நாலு நாள் கழித்து
ரெஜினா மிஸ்ஸே கூப்பிட்டார்.
"சுவாதிகா வகுப்புக்கே வரலையே,
மழையில லைன் ஏதும் போயிருச்சா?"

"மழை நின்னு போச்சுங் மிஸ்.
அதனாலதானுங்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது,
நின்று நின்று, பிறகு ஒரே இழுப்பாக.
ஓவர்லாக் மிஷின்.
இந்தக் காதுக்குத் தெரியாதா?
பள்ளிக்கூடத்தில் பாதிச் சம்பளம் என்று
யாரோ சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது.
அங்கேயும் மழையாங் மிஸ் என்று
நான் கேட்கவில்லை.

"போனை அவகிட்டக் குடுங்க" என்றார்.
"பின்னம் பாதியில நிக்குது."

கொடுத்தேன்.
அவள் காதில் வைப்பதற்குள் எனக்குக் கேட்டுவிட்டது,
அந்தப் பக்கம்
மிஷின் நின்றது.